கூவாகம் பயணம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு, ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவையொட்டித் திருநங்கையரும் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் பலரும் பயணம் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களிலிருந்தும் வருவோர் உண்டு. சுற்றுலாத் துறை இப்படிப்பட்டவர்களைத் தனி விருந்தினராக எண்ணத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தென்னிந்தியாவில் அவர்கள் கூடிச் சென்று தங்கிய ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் யாரை, எந்த அளவுக்கு, எத்தனை நாள் ஏற்றுக்கொண்டது என்பதுதான் இப்பயணத்தின் வரலாறு.

கோயிலும் கதையும்

கூத்தாண்டவர் என்பது அரவானின் பெயர். அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். வடமொழி மகாபாரதத்தில் அவன் போர்க்களத்தில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். தமிழ் மரபு அவனுக்கு வேறொரு முடிவைத் தந்தது. பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே பலி தந்தவன் அவன். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இந்தக் களப்பலி இடம்பெறுகிறது. பலிக்கு முன் ஒரு நாளேனும் மணம் செய்துகொள்ள அரவான் விரும்பினான் என்றும், மறுநாள் சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் தர முன்வராததால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்றும் கூத்திலும் வாய்மொழிக் கதையிலும் சொல்லப்படுகிறது.

கூவாகத்துக்கு வரும் திருநங்கையர் அந்த மோகினியாகத் தம்மைக் கருதுகிறார்கள். 1990-களில் பரவலான ‘அரவாணி’ என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. பின்னர் அதன் இடத்தைத் ‘திருநங்கை’ என்ற சொல் பிடித்துக்கொண்டது.

ஆனால் விழா திருநங்கையருக்காக ஏற்பட்டதன்று. இதைச் செய்தித்தாள் படங்களை மட்டும் பார்ப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. சாகை வார்த்தலுடன் தொடங்கும் 18 நாள் விழா, சுற்றியுள்ள ஊர்களின் வேளாண் குடிகளுக்கு உரியது. தேரில் நிற்கும் அரவானின் மார்பு, கை, கால் முதலிய உறுப்புகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பொருத்தப்படுகின்றன. பிள்ளை வரத்துக்கோ நோய் தீரவோ நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும், மனைவி மக்களோடு வாழ்பவர்கள், பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் கூத்தாண்டவர் வழிபாட்டையும் ஆராய்ந்து 1990-களில் எழுதினார். ஓர் ஆண் தாலி கட்டிக்கொள்வது அந்த வட்டாரத்தில் முன்பே வழக்கமாக இருந்ததால்தான், வெளியூரிலிருந்து சேலை கட்டி வந்தவர்களுக்கும் கோயில் வாசலில் இடம் கிடைத்திருக்க வேண்டும். இந்த ஊரின் விருந்தோம்பலுக்கு அடிப்படை கொள்கை அல்ல, நேர்த்திக்கடன்.

தாலி கட்டும் இரவில் வயல்வெளியில் கற்பூரம் குவித்துக் கொளுத்தி அதைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். மறுநாள் காலை தேர் பந்தலடிக்குப் புறப்படும். அங்கே அரவான் களப்பலியானதும் ஒப்பாரி எழும். வளையல் உடைத்து, தாலி அறுத்து, குங்குமம் அழித்து, குளித்து வெள்ளைச் சேலை உடுத்துவதோடு பயணம் முடிகிறது. மணவாழ்வு ஓர் இரவுதான்.

விழுப்புரம்

கூவாகம் சிற்றூர். ஆயிரக்கணக்கானோர் தங்க அங்கே இடமில்லை. அதனால் பயணம் உண்மையில் நடப்பது ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்தில். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு அது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் ஊரை ஒட்டியே போகிறது. தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்திலிருந்து கிளம்பும் ஒருவர் சங்கரன்கோவிலில் மாலையில் பொதிகை விரைவு வண்டி ஏறினால், விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கிவிடலாம். நடுவே ஓர் இரவு. ஏறும்போது சட்டை வேட்டி, இறங்கிய பிறகு லாட்ஜ் அறையில் சேலை.

திருநங்கையர் ஜமாத்தாக, குருவும் மகள்களுமாக, கூட்டமாகப் பயணம் செய்கிறார்கள். தனியே வருபவர்கள் வேறு வகை. ஊரில் ஆண் உடையில் வேலை பார்ப்பவர்கள், திருமணமாகிக் குழந்தை உள்ளவர்கள், தம் ஈர்ப்பை வீட்டில் ஒருபோதும் சொல்லாதவர்கள். திருநங்கையர் வட்டத்தில் இவர்களுள் பெண்தன்மை கொண்டவர்களைக் ‘கோத்தி’ என்பார்கள். இவர்களுக்குக் கூவாகம் தந்த பெரிய வசதி அது கோயில் என்பதே. கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்பவரை வீட்டில் யாரும் துருவிக் கேட்பதில்லை. வேறெந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் இந்த வசதி இல்லை. குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் இரண்டு ஆண்கள் நண்பர்களாகப் போய்வரலாம். ஆனால் அங்கே அவர்கள் நண்பர்களாக மட்டுமே இருக்க முடியும்.

விழா நாட்களில் விழுப்புரத்து லாட்ஜ்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். வாடகை பல மடங்கு உயர்த்தப்படுகிறது என்ற புகாரும் கேட்பதுண்டு. ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி கோயிலில் அன்றி விழுப்புரத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. இரவில் கேலி செய்யவும் கை நீட்டவும் வரும் ஆண்கள் கூட்டமும் உண்டு. பாலியல் தொழில் நடப்பதும் மறைவானதன்று. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பின் ஆணுறை வழங்குவோரும் தொண்டு நிறுவனத்தாரும் கூவாகத்துக்கு வரத் தொடங்கினார்கள். அரசின் கண்ணுக்குத் தன்பாலீர்ப்பு ஆண்கள் முதலில் தெரிந்தது குடிமக்களாக அல்ல, நோய்த்தடுப்பின் இலக்குகளாகத்தான். ஆனாலும் அந்தப் பணி வழியாகவே பல மாவட்டத்துக் கோத்திகள் ஒருவரையொருவர் அறிந்து அமைப்புகளாகத் திரண்டனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுத்தில் இந்த உலகைப் பெருவாரியான வாசகர்களுக்குக் கொண்டுசென்றது சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல். அவர்களே எழுதியவை பிறகு வந்தன. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சந்தோஷ் சிவனின் ‘நவரசா’ (2005) ஒரு சிறுமி தன் உறவினரைத் தேடிக் கூவாகம் போகும் பயணத்தையே கதையாகக் கொண்டது.

சட்டமும் அறைக் கதவும்

1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கியது. வழக்குகள் குறைவுதான். ஆனால் மிரட்டிப் பணம் பறிக்க வழக்குத் தேவையில்லை, பிரிவு இருந்தாலே போதும். பயணத்தில் இருப்பவருக்கு இது இன்னும் கடுமை. உள்ளூரில் உதவிக்கு ஆள் இல்லை, வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சம் வேறு.

தமிழ்நாட்டு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம் வயதுவந்தோர் தனிமையில் மனமொப்பிக் கொள்ளும் உறவுக்கு 377 பொருந்தாது என்றது. சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்ததும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான். பிறகு 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தீர்ப்பை ரத்து செய்து பழைய நிலையை மீட்டது. நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு திருநங்கையரையும் திருநம்பியரையும் அங்கீகரித்து, மூன்றாம் பாலினம் என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றது. நல வாரியம் பிறந்த அதே நாள் என்பது தற்செயல்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து நின்ற ஆண்டுகளில் விழுப்புரத்து லாட்ஜ் அறையின் நிலை விசித்திரமானது. ஒரே அறையைப் பகிர்ந்துகொண்ட இருவரில், சேலை உடுத்தியவரை அரசியலமைப்பு தன் பெயரால் அழைத்தது. அவருடன் வந்த, சட்டை போட்டவரின் காதலைத் தண்டனைச் சட்டம் குற்றம் என்றது. சேலை உடுத்தியவருக்கும் அந்தக் குற்றப் பிரிவிலிருந்து விலக்கு இல்லை. அடையாளம் ஏற்கப்பட்டது, உறவு ஏற்கப்படவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 377-ஐ வயதுவந்தோர் விருப்ப உறவு வரையில் செல்லாததாக்கியபோதுதான் இந்த முரண் நீங்கியது.

குற்றம் நீங்கியதால் அறை கிடைத்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் மாறிய பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தங்குமிடத்திலும் நடமாட்டத்திலும் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கோ பெண்களுக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. அவர்களுக்கு உதவக்கூடியது அதே ஆண்டு டிசம்பரில் வந்த வேறொரு தீர்ப்பு. கோயம்புத்தூரில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கினார்கள் என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக ஒரு தங்குமிடம் மூடி முத்திரையிடப்பட்டது. அந்த வழக்கில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ், திருமணமாகாத இருவர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றார். ஆண்–பெண் இணையைப் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் வரவேற்பு மேசையில் எழும் ‘நீங்கள் யார், இவர் யார்’ என்ற கேள்விக்குச் சட்டத்தின் துணை இல்லை என்பதை அது தெளிவாக்கியது.

2021-இல் பயணமே வழக்கானது. மதுரையில் காதலர்களான இரண்டு இளம்பெண்கள் குடும்பத்தின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் இருவரைப் பற்றியும் காணவில்லை எனப் புகார் தந்தனர். பாதுகாப்புக் கேட்டு வந்த அப்பெண்களின் மனுவில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். இத்தகைய புகார்களில், சென்றவர்கள் வயதுவந்தோர் என்பதும் விருப்பத்துடன் சென்றார்கள் என்பதும் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு தொந்தரவின்றி வழக்கை முடிக்க வேண்டும் என்றார். ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்கும் தடை கூறினார். தீர்ப்பெழுதுமுன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இப்பொருளைக் கற்றதாக அவர் ஆணையில் பதிவு செய்ததும் நீதிமன்ற வரலாற்றில் அரிது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில், இப்பிரிவினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அதே ஆண்டு அரசு தமிழில் மரியாதையான சொற்களின் பட்டியலையும் அரசிதழில் வெளியிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. கூவாகத்தில் ஓர் இரவுக்குக் கட்டப்படும் தாலிக்கு அப்பால் அவர்களுக்குத் தாலி இல்லை என்ற நிலை அப்படியே இருக்கிறது.

வேறு ஊர்கள்

இதை மெக்சிகோவோடு ஒப்பிடலாம். அங்கே ஒவாஹாகா மாநிலத்தின் ஹூச்சித்தான் நகரில், சப்போத்தெக் மக்களிடையே ‘மூஷே’ எனப்படும் பிரிவினர் நவம்பர் மாதத்தில் ‘வேலா’ என்னும் பெருவிழா எடுக்கிறார்கள். உள்ளூர் மரபிலிருந்து முளைத்த வகையில் அது கூவாகத்துக்கு உறவு. பசிபிக் கரையிலுள்ள புவேர்த்தோ வயார்த்தா வேறு மாதிரி. பழைய நகர்ப் பகுதியின் விடுதிகளும் மதுக்கூடங்களும் வானவில் கொடி கட்டித் தன்பாலீர்ப்பினரை வெளிப்படையாக அழைக்கின்றன. மெக்சிகோ நகரம் 2010-இலேயே தன்பாலினத் திருமணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2022-க்குள் நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அது வந்துவிட்டது. அங்கே ஒருவர் தன் துணையோடு போய், தன் துணை என்றே சொல்லி அறை எடுக்கலாம். செலவழிக்கப் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூவாகத்துக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் அங்கே வரவேற்கப்படுவது ஒரு தொன்மத்துக்குள் பொருந்துபவர். சேலை உடுத்த விரும்பாத, தன்னைப் பெண்ணாகக் கருதாத தன்பாலீர்ப்பு ஆணுக்கு அந்தக் கதையில் பாத்திரம் இல்லை. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அறவே இல்லை.

கோவிட் பரவலால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் விழா நடைபெறவில்லை. 2022-இல் மீண்டும் தேர் ஓடியது. கூத்தாண்டவர் கோயில்கள் கூவாகத்தில் மட்டும் இல்லை. புதுச்சேரியை அடுத்த பிள்ளையார்குப்பத்திலும் சிதம்பரம் பக்கத்துக் கொத்தட்டையிலும் இதே போன்ற தாலி கட்டும் விழாக்கள் உண்டு. கூவாகத்தின் நெரிசலையும் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தையும் விரும்பாதவர்கள் அங்கே போகிறார்கள். அங்கும் ஓர் இரவு, மறுநாள் வெள்ளைச் சேலை, பிறகு ஊர் திரும்பும் பேருந்து.