பருவத்துக்கு ஒரு மணம்: வெட்டிவேர்த் தட்டி முதல் மண் அத்தர் வரை

வடக்கே உத்தியோகம் பார்த்த நம் அங்கத்தினர்களுக்கு "கஸ்" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. புதிதாக டில்லிக்குக் குடிபோகிறவர்கள்தான் கடைக்காரரிடம் கஸ் கேட்கப்போய், "கஸ்கஸ்" என்று சொல்லிக் கசகசாவை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கஸ் என்பது நம் வெட்டிவேர்தான். சம்ஸ்கிருதத்தில் உசீரம். நாட்டு மருந்துக் கடையில் கட்டாகத் தொங்கும் அந்த வேருக்கு இரண்டு ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத சரித்திரம் இருக்கிறது. நம் முன்னோர் பருவத்துக்குத் தக்கபடி வீட்டுக்கு மணமூட்டிய கதையையும் அந்த வேரைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் குளிர்காலம். சங்க நூலான நெடுநல்வாடை கூதிர்க்கால மாளிகை ஒன்றைக் காட்டுகிறது. குளிர் வந்துவிட்டதால் அங்கே சந்தனம் அரைப்பார் இல்லை. வடநாட்டார் கொண்டுவந்த வட்டக் கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் ஒருபுறம் சும்மா கிடக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக நெருப்பில் அகிலும் வெள்ளை அயிரும் புகைகின்றன. அயிர் என்பதற்குக் கண்டசர்க்கரை என்று பொருள் கூறுவார்கள். கோடைக்குக் குளிர்ந்த சந்தனம், குளிருக்குச் சூடான அகிற்புகை என்ற பாகுபாடு அப்போதே இருந்திருக்கிறது. கல் வடக்கிலிருந்தும் கட்டை தெற்கிலிருந்தும் வந்ததைக் கவி மறவாமல் குறிப்பது, பல மாநிலங்களில் சிதறி வாழும் நம் போன்றவர்களுக்குத் தனி ரசனை தரும் விஷயம்.

அகில் கிடைத்த தேசம் கிழக்கே காமரூபம், அதாவது இன்றைய அஸ்ஸாம் பகுதி. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசர் பாஸ்கரவர்மர் ஹர்ஷருக்கு அனுப்பிய காணிக்கைகளில் மூங்கில் குழாய்களில் அடைத்த கரிய அகில் எண்ணெயும் இருந்ததாகப் பாணர் ஹர்ஷசரிதத்தில் எழுதுகிறார். அந்த மரம் தானாக மணப்பதில்லை. ஒருவகைப் பூஞ்சை தாக்கிய மரத்தில்தான் மணமுள்ள பிசின் ஊறும். அது தெரியாமல் மரம் மரமாக வெட்டித் தள்ளியதில், இன்று அகில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் பிருஹத் ஸம்ஹிதையில் கந்தயுக்தி என்று ஓர் அத்தியாயமே எழுதினார். உசீரம், அகில், சந்தனம், தகரம், நாககேசரம் முதலிய பதினாறு சரக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றை நான்கு நான்காக வெவ்வேறு அளவில் சேர்த்தால் 1,74,720 வாசனைகள் பிறக்கும் என்கிறார். வெறும் வாய்ப்பந்தல் என்று இதைத் தள்ள முடியாது. பதினாறில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 1,820. ஒவ்வொரு நான்கிலிருந்தும் 96 கலவைகள் என்று பெருக்கினால் கணக்கு நேராக வந்துவிடுகிறது. கணித சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் இடம் இது. கணக்குக்கும் வாசனைக்கும் ஒரே நூலில் இடம் கொடுத்த மனசு நமக்கு அந்நியமானதல்ல!

இனிக் கோடைக்கு வருவோம். காளிதாஸர் சாகுந்தலத்தில் தாபம் தணிய உடம்பில் பூசும் உசீரக் குழம்பு பேசப்படுகிறது. அதே வேரால் வீடே கட்டிய கதை பின்னால் வருகிறது. 1526-ல் டில்லியைப் பிடித்த பாபர், இங்கே நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, ஐஸ் இல்லை, குளிர்ந்த நீர் இல்லை என்று தம் சுயசரிதையில் நீளமாக அலுத்துக்கொண்டார். பேரன் அக்பர் காலத்தில் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டதாக அபுல் ஃபஸல் அயினி அக்பரியில் பெருமைப்படுகிறார். வெடியுப்புக் கரைசலால் குடிநீரைக் குளிர்விப்பது ஒரு வழி. கஸ் வேரால் கொடிப்பந்தல் போன்ற அறைகள் அமைத்து நீர் தெளிப்பது இன்னொன்று. கோடையின் நடுவிலேயே மறுபடி ஒரு குளிர்காலம் பிறந்துவிடும் என்ற பொருளில் எழுதுகிறார். 1663-ல் டில்லியிலிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே, பெரிய மனிதர் வீட்டுத் தோட்டங்களில் நீர்த்தொட்டிக்கு அருகே இப்படிப்பட்ட "கஸ்கானா"க்களைக் கண்டதாகச் சொல்கிறார். ஆட்கள் வெளியே நின்று தண்ணீர் தெளிக்க வசதியாக அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதாம்.

அந்த ஆட்களைச் சற்று நினைக்க வேண்டும். வெட்டிவேர்த் தட்டி குளிர்வது நீர் ஆவியாவதால். காற்று உலர்ந்திருக்க வேண்டும், வீசிக்கொண்டே இருக்க வேண்டும், வேர் எந்நேரமும் நனைந்திருக்க வேண்டும். வடக்கே மே மாதத்தில் "லூ" என்னும் அனல்காற்று அடிக்கும்போது இது அபாரமாக வேலை செய்யும். சென்னையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும் நாட்களில் பலித்தது. கடற்காற்று புகுந்ததும் புழுக்கம்தான் மிச்சம். வெள்ளைக்காரர் காலத்தில் பங்களாக்களின் மேற்கு வாசல் முழுவதும் தட்டி கட்டினார்கள். தோல்பையில் நீர் சுமக்கும் பிஷ்டி, நாளெல்லாம் வெயிலில் நின்று வெளிப்புறத்திலிருந்து அதை நனைத்துக்கொண்டிருந்தார். காற்று இல்லாத நாட்களுக்காகத் "தெர்மாண்டிடோட்" என்று ஒரு பெட்டி யந்திரம் வந்தது. அதற்குள் இருந்த விசிறிச் சக்கரத்தையும் ஆள்தான் சுற்ற வேண்டும். 1870-களில் ரயிலின் முதல் வகுப்புப் பெட்டிகளில்கூட வெட்டிவேர்த் தட்டி இடம்பெற்றது. தட்டிக்கு உள்ளே இருந்தவர்கள் நாட்குறிப்பும் கடிதமும் எழுதியதால் அந்த மணம் சரித்திரத்தில் ஏறியது. வெளியே நின்றவர் எழுதியது எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அந்தக் காலச் சொகுசைப் புகழ்ந்து எழுதும் பலர் இதைச் சொல்லாமல் நழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் சர்க்கார் அலுவலக ஜன்னல்களில் தட்டிகள் தொங்கின. பிறகு வந்த கூலரில் பம்பே பிஷ்டியின் வேலையைச் செய்தது. ஆரம்பத்தில் கூலர்களிலும் கஸ் வைப்பதுண்டு. பின்னர் விலை மலிவான மரச்சீவல் வந்தது, இப்போது தேன்கூடு வடிவ அட்டை. ஏ.ஸி. அறையிலோ ஜன்னலையே திறப்பதில்லை. மணம் வேண்டுமானால் டப்பாவிலிருந்து அடித்துக்கொள்கிறோம்.

வேரின் பெயர் மட்டும் உலகத்தைச் சுற்றிவிட்டது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் "வெட்டிவர்" நம் தமிழ்ச் சொல்லேதான். இன்னொரு வேடிக்கை. வடநாட்டுக் காட்டு வகை பூத்து விதை கொடுக்கும். அதன் எண்ணெய் ஒளியின் தளத்தை இடப்புறம் திருப்பும். தென்னாட்டு வகை பெரும்பாலும் விதை தருவதில்லை. அதன் எண்ணெய் வலப்புறம் திருப்பும். இன்று ஹெய்ட்டியிலும் ஜாவாவிலும் வாசனைத் தொழிலுக்காகப் பயிராவது தென்னாட்டு வகையைச் சேர்ந்தது. நம் பக்கத்தில் கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் பயிர் செய்கிறார்கள்.

ஆனால் வேரை எடுக்க வேண்டுமானால் பயிரையே தோண்ட வேண்டும். ஆற்றங்கரையில் தானாக வளர்ந்ததைத் தோண்டினால் கரையின் பிடிப்பும் கூடவே போய்விடும். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் வரப்பில் இதை வேலியாக நட்டு வந்தார்கள். 1980-களில் உலக வங்கியின் நிபுணர்கள் மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் வரிசையைப் பல தேசங்களுக்குச் சிபாரிசு செய்ய ஆரம்பித்தார்கள். வரப்பில் நட்டதை மண்ணுக்கு விட்டுவிட்டு, மணத்துக்கென்று மணற்பாங்கான நிலத்தில் தனியாகப் பயிரிட்டதை வாங்குவதே முறை.

மழைக்காலத்துக்கும் ஒரு வாசனை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் நகரம். ஹர்ஷரின் தலைநகராக இருந்த அதே கன்யாகுப்ஜம். அங்கே "மிட்டி அத்தர்" வடிக்கிறார்கள். சுட்ட களிமண் வில்லைகளை "தேக்" என்னும் செப்புக் கொப்பரையில் நீருடன் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகெரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, நீர்த்தொட்டியில் அமிழ்த்திய "பப்கா" என்ற செம்புக்குள் இறங்கும். அதில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும். நாட்கணக்கில் இப்படி வடித்தால் முதல் மழை விழுந்த மண்ணின் மணம் எண்ணெயில் குடியேறிவிடும். மிஞ்சிய ஈரம் கசிந்து போவதற்காகத் தோல் குப்பியில் வைப்பார்கள். 1964-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாய் பேர், தாமஸ் என்ற இரு விஞ்ஞானிகள் "நேச்சர்" பத்திரிகையில் இந்த மணத்துக்குப் "பெட்ரிகோர்" என்று பெயர் சூட்டியபோது, இந்தியாவில் இதை அத்தராகவே வடித்து விற்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் இதில் சேர்த்தி என்பது அடுத்த ஆண்டுகளில் தெரியவந்தது. பெயர் தெரியாமலே கன்னோஜ்காரர்கள் அதைக் குப்பியில் அடைத்து வைத்திருந்தார்கள்!

இந்தத் தொழிலுக்கு இப்போது ஆபத்து சந்தனத்தின் வழியாக வந்திருக்கிறது. சந்தன எண்ணெய் விலை ஏறியதும் பலர் திரவ பாரஃபினில் வடிக்கத் தொடங்கினார்கள். மலிவான அத்தரில் சந்தனம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, சொந்த நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று ஆக்கின. அதன்பின் பலர் நட்டிருக்கிறார்கள். ஆனால் சந்தனத்தின் வைரக்கட்டை முற்றப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கல்கத்தா அங்கத்தினர்கள் சரத்காலத்து ஷியூலியை, அதாவது நம் பவழமல்லியை, விட்டுவிட்டேனே என்பார்கள். விடியற்காலையில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தட்டில் வைத்தால் போதும், அதற்குக் கட்டுரை தேவையில்லை.

வெட்டிவேரை வீட்டில் உபயோகிக்க விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. டில்லி, ஜெய்ப்பூர், நாகபுரி போன்ற உலர்ந்த ஊர்களில், காற்று உள்ளே வரும் ஜன்னலில் சிறு தட்டி கட்டி மாலையில் நனைத்தாலே பலன் தெரியும். எதிர்ப்புற ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மும்பை, சென்னை, கல்கத்தாவில் தட்டியால் குளிர்ச்சி வராது. அங்கே மண் வரும் வரை அலசிய ஒரு பிடி வேரை மெல்லிய துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் போடலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி உபயோகிக்கலாம். மணம் போனபின் பட்டுப்புடவைப் பெட்டியில் வைப்பது நம் வீடுகளில் பழக்கம்தான். வெட்டிவேர் எண்ணெய் கறையானை விரட்டுவதை 2001-ல் அமெரிக்காவில் லூசியானா மாநில ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் கண்டார்கள். ஆனால் மணம் அறவே போன வேரில் எண்ணெய் மிச்சமிராது. ஆகையால் பெட்டிக்கென்று புது வேராகவே ஒரு பிடி தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.