2147483647: இரண்டின் அடுக்கை ஒட்டி நிற்கும் பகா எண்

2147483647, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647, இரண்டின் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். இந்த வடிவில் அமையும் பகா எண்களான மெர்சென் பகா எண்களின் வரிசையில் எட்டாவது. இது பகா எண்தான் என்று 1772-இல் வெளியான கடிதமொன்றில் லியோனார்டு ஆய்லர் நிறுவினார். அதன்பின் பல பதிற்றாண்டுகளுக்கு அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியது. ஆனால் பத்து இலக்கப் பகா எண்களின் எண்ணிக்கை மட்டுமே 40 கோடிக்கு மேல். அந்தக் கூட்டத்தில் இதைத் தனித்துக் காட்டுவது அதன் வடிவமே, அளவு அல்ல.

ஆய்லர் சென்ற வழியே இதற்குச் சான்று. ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இங்கே அது 46340 வரை. நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். பார்வை ஏறக்குறைய இழந்திருந்த ஆய்லருக்கு அத்தனையும் தேவைப்படவில்லை. ஒரு பகா எண் இதை வகுக்குமானால், அதில் ஒன்றைக் கழித்தது 31-ஆல் வகுபட்டாக வேண்டும். மேலும், இரண்டின் 32-ஆம் அடுக்கு ஒரு வர்க்க எண். அந்தப் பகா எண்ணால் அதை வகுத்தால் மீதி 2. ஆகவே 8-ஆல் வகுத்தால் அந்தப் பகா எண் 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே எஞ்சும். 249 மூன்றால் வகுபடும். 311 பகா எண், அதனால் வகுத்துப் பார்க்க வேண்டும். இப்படிச் சலித்தால் சோதிக்க வேண்டியவை எண்பது சொச்சம்தான். ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை.

வடிவம் இருந்தாலே பகா எண் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. 11 பகா எண்; ஆனால் இரண்டின் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய பலன். 2147483647-ஐயே அடுக்காக வைத்து ஒன்று குறைத்தாலும் கிடைப்பது பகு எண்ணே. 295257526626031 அதன் காரணிகளில் ஒன்று. வடிவம் விடையைத் தருவதில்லை, விடைக்குப் போகும் பாதையைச் சுருக்குகிறது. கணினி ஒரு நொடிக்குள் சோதித்துவிடும் காலத்தில் இந்தச் சுருக்கம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி, இதை எளிதாக ஒதுக்க முடியாது. பத்து இலக்க எண்ணுக்கு அது தேவையில்லைதான். ஆனால் 2024-இல் கண்டறியப்பட்ட, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களைத் தாண்டும் பகா எண்ணும் இதே வடிவம் கொண்டது. அவ்வளவு பெரிய, வடிவமற்ற எண்ணொன்றைப் பகா எண் என நிறுவ இன்றும் வழியில்லை. இந்த வடிவத்துக்கு லூக்கா-லேமர் சோதனை இருக்கிறது: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடர வேண்டும். 2147483647-க்கு 29-ஆம் முறையில் மீதி பூஜ்யம். அந்த வகுத்தலும்கூட உண்மையில் கூட்டல்தான். 9-ஆல் வகுத்த மீதியை இலக்கங்களைக் கூட்டிக் காண்பதுபோல, இரும எண்ணை 31 இலக்கத் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும்.