பருமனான ஈனிகள்: முதன்மைத் தொகுதி வேதியியலில் அவற்றின் பங்கு

சிலிக்கன், பாஸ்பரஸ் போன்ற கனமான தனிமங்கள் தமக்குள் இரட்டைப் பிணைப்புக் கொள்ளா என்ற விதி 1981-இல் சரிந்தது. வெள்ளீயத்தில் லாப்பர்ட் 1970-களிலேயே அதை அசைத்திருந்தார்; அமெரிக்காவில் வெஸ்ட் குழு நான்கு மெசிட்டைல் தொகுதிகள் சூழ்ந்த டைசிலீனையும், ஜப்பானில் யோஷிஃபுஜி குழு மூவிணைய பியூட்டைல் தொகுதிகள் நெருங்கிய டைபாஸ்பீனையும் பிரித்தெடுத்தன. அதுமுதல் பருமனான ஈனியை வேலியாகவே வருணிப்பது வழக்கமாயிற்று: வெளியே கொள்ளிடத்தடை, உள்ளே பத்திரமாக ஒரு பிணைப்பு. இது பாதி உண்மைதான். காப்பதைவிட, வினை எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே ஈனியின் பெரிய வேலை என்பதற்கு இந்திய வேதியியலாளர்கள் பங்குகொண்ட சிலேன்டிரையால் ஆய்வு நல்ல சான்று.

 பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எஸ். எஸ். கிருஷ்ணமூர்த்தி வளர்த்த பாஸ்பசீன் ஆய்வு மரபிலிருந்து வந்தவர் வடபள்ளி சந்திரசேகர். அவரும் ராமசாமி முருகவேலும் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ரோஸ்கி குழுவுடன் சேர்ந்து 1995-இல் காற்றில் கெடாத புதிய சிலேன்டிரையால்களை வெளியிட்டனர். ஒரே சிலிக்கனில் மூன்று ஹைட்ராக்சில் இருந்தால் அவை நீரை இழந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இங்கோ சிலிக்கனோடு இணைந்த நைட்ரஜன், டைஐசோபுரொப்பைல்பீனைல் போன்ற தொகுதியையும் டிரைமெத்தில்சிலைலையும் சுமந்து நின்றது. பீனைல்சிலேன்டிரையால் 1950-களிலேயே கிடைத்ததே, பருமன் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் பீனைல்சிலேன்டிரையால் சிறிது அமிலமோ காரமோ பட்டாலே குறுக்கமடையும். புதியவை கரிமக் கரைப்பான்களில் நன்கு கரைந்தன. ஹைட்ராக்சில்களின் வினைத்திறனோ குன்றவில்லை. ஆகவே அலுமினியச் சேர்மங்களுடன் வினைப்பட்டபோது முடிவற்ற வலைப்பின்னல் உருவாகாமல், நான்கு அலுமினியமும் நான்கு சிலிக்கனும் மூலைகளில் அமைந்த கனசதுரத்திலேயே வளர்ச்சி நின்றது. சியோலைட்டுகளில் காணப்படும் அதே அலகு, குடுவைக்குள் கரைந்த நிலையில்! பின்னர் மும்பை ஐஐடியில் முருகவேல் அதே டைஐசோபுரொப்பைல்பீனைல் தொகுதியைப் பாஸ்பேட்டில் ஏற்றி, துத்தநாகக் கனசதுரங்களையும் பெற்றார்.

தள்ளுவது மட்டுமே பருமனின் இயல்பு என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. ஹெக்சாபீனைல்ஈத்தேன் பிரித்தெடுக்க முடியாதது. அதன் பீனைல்களில் மூவிணைய பியூட்டைல் தொகுதிகளை மேலும் ஏற்றினால் சேர்மம் படிகமாகவே கிடைக்கிறது. தொகுதிகளுக்கிடையே நிலவும் லண்டன் ஈர்ப்புவிசையே காரணம் என்று 2011-இல் கிரிம்மேயும் ஷ்ரைனரும் கணக்கிட்டுக் காட்டினர். கொள்ளிடத்தடை பொய் என்று இதற்குப் பொருளல்ல. பருமனான ஈனி கொண்ட கன தனிமச் சேர்மங்களிலும் விலக்கத்தோடு ஈர்ப்பையும் சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பதைப் பவர் போன்றோர் பின்னர் வலியுறுத்தினர்.