குடும்பத் தருமமும் கணக்குக் கேட்கும் உரிமையும்

தகப்பன் தேடிய பொருள் மக்களைச் சேர்த்து வைக்குமா, பிரித்து வைக்குமா என்பது அவன் கண்மூடிய பின்பே தெரியவரும். பண்டாரவளைக் கடைத்தெருவிலும் பதுளைப் பசாரிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாணிகஞ் செய்துவரும் குடும்பங்களிலே, பெரியவர் ஒருவர் தம் ஆதனத்தில் ஒரு பங்கைக் கோயிற் பூசைக்கென்றும் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கென்றும் ஒதுக்கி, "இதனை மூத்தவன் பார்த்துக்கொள்வான்" என்று நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்துவிட்டுப் போவதுண்டு. அவர் போய்ப் பத்தாண்டு கழியுமுன், "கடை வாடகை எங்கே போகிறது, அண்ணா?" என்று இளையவர் கேட்பார். "அப்பா என்னை நம்பித் தந்தார், கேட்பதற்கு நீ யார்?" என்று மூத்தவர் சொல்வார். அதன்பின் ஒருவர் வீட்டுக் கலியாணத்தில் மற்றவரைக் காண முடியாது.

கணக்குக் கேட்பது மூத்தோரை அவமதிப்பதாகாதா என்று நம் இளைஞர் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு நாம் நம் மனம்போனபடி விடை சொல்வதினும், நம்மவர் குடும்பங்களிலே முன்பு நடந்தவற்றை எடுத்துப் பார்ப்பது நன்று. அவ்வாறு பார்க்கும்போது முதலில் நினைவுக்கு வருபவர் சென்னப்பட்டணத்துப் பச்சையப்ப முதலியார்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பெரியபாளையத்திற் பிறந்தவர். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த தந்தை விசுவநாத முதலியார், பிள்ளை பிறக்குமுன்பே காலமானார். கைம்பெண்ணான தாயார் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தபோது, பவுனி நாராயணப் பிள்ளை என்னும் துபாஷி அவர்களை ஆதரித்தார். துபாஷி என்றால் இரு பாஷை அறிந்தவர். வெள்ளைக்கார வணிகருக்கும் நம் நாட்டாருக்கும் இடையில் நின்று பேசியும் கணக்குப் பார்த்தும் பொருளீட்டியவர். அவர் நிழலில் ஆங்கிலமும் கணக்கும் பயின்ற பச்சையப்பர், இளவயதிலேயே வணிகத்தில் இறங்கிப் பின்னர்த் தாமும் துபாஷியாகித் தஞ்சை அரசின் வருவாய்க் காரியங்கள்வரை கைநீட்டிப் பெருஞ்செல்வரானார். கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்து, கூவம் நதியில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டு வந்தாரென்பர். இன்றைய கூவத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்குவர். நதி அன்று அப்படி இருந்தது. தில்லைக் கிழக்குக் கோபுரத் திருப்பணியிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

அவருக்கு மனைவியர் இருவர், ஆண்மகவு இல்லை. 1794ஆம் ஆண்டு, நாற்பதாம் வயதில், நோய் முற்றித் தஞ்சைப் பகுதியில் இருந்தபோது மரணசாதனம் எழுதினார். இந்துக்கள் மரணசாதனம் எழுதும் வழக்கமே வேரூன்றாத காலம் அது. இலட்சம் வராகன் அளவான பொருள் சிவாலய, விஷ்ணு ஆலய கைங்கரியங்களுக்கும் பிற தருமங்களுக்கும் ஆகவேண்டுமென்று எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயணப் பிள்ளையிடமே ஒப்புவித்தார். சில நாட்களில் திருவையாற்றிலே உயிர் நீத்தார்.

எழுதியவர் மனம் தூயது. ஏற்றவர் அவரைத் தூக்கி வளர்த்தவர். இதைக் காட்டிலும் உறுதியான ஏற்பாடு எது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. குடும்பத்தார் உரிமை கோரினர். தருமம் ஒழுங்காக நடைபெறவில்லை. விவகாரம் நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்காக இழுபட்டது. பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்தது. பிற்காலத்தில் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியினால், கோயிற் கட்டளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய பெருந்தொகையைக் கல்விக்குச் செலவிடும் திட்டம் உருவாயிற்று. அதை ஆள்வதற்கு இந்துப் பெருமக்களைக் கொண்ட தருமகர்த்தர் சபை அமைந்தது. 1842 சனவரி முதலாந் தேதி பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. 1850இல் ஆதென்சு நகரத்துத் தீசியசு கோயிலின் சாயலில் பச்சையப்பர் மண்டபம் எழுந்தது. 1889இல் பாடசாலை கல்லூரியாயிற்று. கணித மேதை இராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் அங்கே படித்தவர்கள்.

கல்லூரியின் புகழைப் பேசுவோர், 1794க்கும் 1842க்கும் இடையேயுள்ள 48 ஆண்டுகளைப் பேசுவதில்லை. நம் கட்டுரைக்கு அந்த 48 ஆண்டுகளே முக்கியம். அக்காலத்தில் அந்தப் பணத்தால் எழுத்தறிந்திருக்கக்கூடிய பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மூத்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டனர். எவர் திருடினார் என்று கேட்பதில் பயனில்லை. ஒரே மனிதரின் தலையில் முழுப்பொறுப்பும் வைக்கப்பட்டது; அவரால் இயலாதபோது அடுத்து யார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டவேண்டும், வீட்டாருக்கு உரியது எவ்வளவு, தருமத்துக்கு உரியது எவ்வளவு என்பவை சண்டைக்கு இடமில்லாதபடி முடிவாகியிருக்கவில்லை. அன்பை நம்பி எழுதப்பட்ட சாதனம் அது. சபை அமைந்து, பலர் கூடி, ஏடு வைத்துக் கணக்கெழுதத் தொடங்கிய பின்பே காரியம் ஓடியது. சபை அமைந்ததோடு எல்லாம் சுகமாக முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். நம் காலத்திலும் அந்த அறக்கட்டளையின் நிருவாகம்பற்றிய பிணக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதியொருவரை இடைக்கால நிருவாகியாக நியமிக்கும்படி ஆயிற்று.

வங்காளத்தில் நடந்தது இதற்கு மறுதலையான கதை. அங்கே எழுதியவர் அன்பை நம்பவில்லை, கோபத்தை நம்பினார். கல்கத்தாவிற் பெயர்பெற்ற வழக்கறிஞரும் நிலச்சுவான்தாருமான பிரசன்னகுமார் தாகூர், மகாகவி இரவீந்திரநாதரின் குலத்தவர். அவருடைய ஒரே மகன் ஞானேந்திரமோகன் 1851இல் கிறிஸ்தவனாகி, கிருஷ்ணமோகன் பானர்ஜி என்னும் பாதிரியாரின் மகளை மணந்துகொண்டான். பின்பு இலண்டன் சென்று 1862இல் பாரிஸ்டரானான். இந்தியரில் முதல் பாரிஸ்டர் அவனே. தந்தையோ மகனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. சொத்து முழுவதையும் தருமகர்த்தர் கையில் ஒப்புவித்து, அண்ணன் மகன் யதீந்திரமோகன் ஆயுள்வரை அனுபவிக்கவும், அவனுக்குப்பின் அவனுடைய ஆண் சந்ததி, அச்சந்ததி இல்லையேல் வேறு கிளையின் ஆண் சந்ததி என்று, இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் வரிசை வைத்து எழுதிவிட்டு 1868இல் மாண்டார். சட்டம் கற்றவர் எழுதிய சாதனமாதலால் ஓட்டை இராது என்றே ஊரார் எண்ணியிருப்பர்.

மகன் வழக்குத் தொடுத்தான். கடல் கடந்து பிரிவிக் கவுன்சில்வரை போன அவ்வழக்கு 1872இல் முடிந்தது. தான் ஈட்டியதை மகனுக்குக் கொடாதிருக்கத் தந்தைக்கு உரிமையுண்டு. ஆனால் இந்து தருமத்தில் இல்லாத புதிய உரித்து வகையொன்றைத் தன் எழுத்தால் ஒருவர் படைக்கமுடியாது. பிறவாத ஒருவனுக்குக் கொடை கொடுக்கவும் முடியாது. பெற்றுக்கொள்ள ஆள் இருந்தாலன்றோ கொடை! ஆகவே யதீந்திரமோகனின் ஆயுள் அனுபவம் செல்லும். அதற்குப் பின்னுள்ள ஏற்பாடெல்லாம் செல்லாது. அந்தப் பின்னுரிமை சட்டப்படி வாரிசான மகனுக்கே என்று தீர்ப்பாயிற்று. தந்தை எவனுக்குப் போகக்கூடாதென்று பக்கம் பக்கமாக எழுதினாரோ, அவன் பக்கமே எழுத்துத் திரும்பிற்று. பிறவாத பிள்ளைக்கும் ஓரளவு எழுதிவைக்கலாம் என்ற நிலை, சென்னையில் 1914ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இந்தியாவின் பிற பகுதிகளில் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பின்னரே வந்தது. பிரசன்னகுமாரின் மரணசாதனத்தில் தடையின்றி நிறைவேறியது கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற கொடை. தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் அதன் பயனாக எழுந்தவை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலைநாட்டிற் குடியேறிய தமிழருக்கு இந்து சட்டமோ, தேசவழமையோ, கண்டியச் சட்டமோ பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் குடியினருக்கு அவர் பண்டாரவளையிற் கடை வைத்திருந்தாலும் தேசவழமை தொடரும். ஏனைய நம்மவருக்கு நாட்டின் பொதுச்சட்டமே. சாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இலங்கையிலுள்ள அவருடைய நிலபுலத்திற் பாதி மனைவிக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்கும் சேரும். ஆண் பெண் என்ற பேதம் அதில் இல்லை. ஊரில் நிலமும் இங்கே கடையுமாக இரண்டு கரையிலும் ஆதனம் வைத்திருந்த பெரியவர்களின் வீட்டில் இதனாலேயே குழப்பம் மூண்டது. அங்கே தாத்தாவின் வழக்கம், இங்கே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் சட்டம். இரண்டையும் ஒரே தாளில் எழுதமுடியாது.

அவ்வொல்லாந்தச் சட்டத்தின் வழியே, "என் மகன் அனுபவிக்கலாம், விற்கக்கூடாது; அவனுக்குப்பின் அவன் பிள்ளைகளுக்கு" என்று கட்டிவைக்கும் முறையொன்று இலங்கையில் நெடுங்காலம் இருந்தது. பிடெய்கொமிசம் என்று அதற்குப் பெயர். நிரந்தரமாக எழுதினால் நான்கு தலைமுறைவரை அது கட்டுப்படுத்தியது. கூரை ஒழுகும் கடையைத் திருத்தப் பணம் இல்லாமலும், விற்க உரிமை இல்லாமலும் நின்றவர்களின் துயரைக் கண்டே, 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் கால எல்லையைக் குறுக்கி, நீதிமன்ற அனுமதியோடு விற்கவும் குத்தகைக்கு விடவும் வழி செய்தது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அம்முறையையே ஒழித்துவிட்டது. பழைய உறுதிகளிற் காணும் அவ்வாசகங்களைக் காட்டி இன்றும் சிலர் வாதிடுவதுண்டு, வீண் வாதம்.

நம்பிக்கைப் பொறுப்பு என்னும் முறையோ வேறு. அது இன்றும் உயிரோடிருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமே அதற்கு ஆதாரம். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. காணி, கட்டடம் பற்றிய பொறுப்பை வாய்ச்சொல்லால் ஏற்படுத்த முடியாது. நொத்தாரிசு உறுதி வேண்டும். பொறுப்பேற்றவர் அந்த ஆதனத்தைத் தம் சொந்த ஆதனத்தோடு கலக்கலாகாது. அதனால் தமக்கு இலாபம் தேடலாகாது. சாதனத்திற் சொல்லப்படாதவிடத்துக் கூலியும் கேட்கலாகாது. யாருடைய நன்மைக்காக ஆள்கிறாரோ அவர் கேட்கும்போது தெளிவான கணக்கைக் காட்டியே ஆகவேண்டும். தம்பி கணக்குக் கேட்டால் அது அண்ணனை அவமதிப்பதன்று. அப்பாவின் உறுதி அண்ணன்மேல் வைத்த கடனைக் கேட்பதாகும். "இருபது வருஷமாகக் கேட்காமல் இருந்தாயே, இனி உனக்கு உரிமை இல்லை" என்ற வாதமும் இங்கே எடுபடாது. பொறுப்பாளர் கையில் இன்னும் இருக்கும் ஆதனத்தை மீட்பதற்குக் காலங்கடந்ததென்ற தடையை அச்சட்டம் விலக்கிவைத்திருக்கிறது.

குடும்பச் சொத்திலிருந்து கோயில் ஒன்று எழும்போது நிலைமை மேலும் சிக்கலாகும். பாட்டன் கட்டிய கோயில். ஊரார் காணிக்கை செலுத்தி வளர்த்த கோயில். அது வீட்டாருடையதா, கும்பிடுவோருடையதா? ஊவாத் தோட்டங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. கங்காணியார் தொடங்கி வைத்த கோயில்; தொழிலாளர் சம்பளத்திற் பிடித்துக் கொடுத்த பணம்; நிலமோ துரையுடைய கம்பனிக்கு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்கு உரியனவாகி, 1992முதல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்கு விடப்பட்டன. இத்தனை கைமாற்றத்திலும் கோயிலுக்கென ஓர் உறுதித் துண்டும் இல்லாமற் போயிற்று. சட்டம் இதை முற்றும் எண்ணாமல் இருக்கவில்லை. எழுத்துச் சாதனம் இல்லாவிடினும், வழக்கின் சூழ்நிலைகள் அனைத்தையும் கொண்டு தருமம் உண்டென்று நீதிமன்றம் நிச்சயிக்கலாம் என்று அதே கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே திருவிழாப் பற்றுச்சீட்டு, பழைய நோட்டீசு, உண்டியற் கணக்கெழுதிய கொப்பி என்பவற்றைக் குப்பையென்று எரித்துவிடவேண்டாமென்று தோட்டத்து இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உறுதி இல்லாத கோயிலுக்கு அவையே உறுதி.

வழக்குக்குப் போகும் வழியிலும் ஒரு நல்ல அணை போடப்பட்டிருக்கிறது. கோயில் நிருவாகம்பற்றி 102ஆம் பிரிவின்கீழ் வழக்கிட, அக்கோயிலில் அக்கறையுள்ள ஐவராவது சேரவேண்டும். தனி ஒருவரின் பகைக்கு அங்கே இடமில்லை. ஐவர் சேர்ந்தாலும் நேரே நீதிமன்றம் போகமுடியாது. அரசாங்க அதிபரிடம் முதலில் மனுக்கொடுத்து, விசாரணைக்கு ஆணையாளரை நியமிக்கும்படி கேட்கவேண்டும். ஆணையாளர் இரு தரத்தாரையும் கேட்டு, இது நீதிமன்றம் ஆராயத்தக்க விடயமென்றும், இணக்கம் உண்டாக்க முயன்றும் கைகூடவில்லை என்றும், அல்லது உண்டான இணக்கத்தை நிறைவேற்ற நீதிமன்ற உதவி வேண்டுமென்றும் அறிக்கை செய்தபின்பே வழக்கு ஏற்கப்படும். அரசாங்க அதிபரை இன்று மாவட்டச் செயலாளர் என்கிறோம்; பதுளைக் கச்சேரியே நம்மவர் படியேறவேண்டிய இடம்.

அங்கே போகுமுன் ஐவரும் கையில் கொண்டுபோகவேண்டியவை சில. உறுதி இருந்தால் அதன் பிரதி. இல்லையேல் கோயில் தொடங்கிய ஆண்டும் நடத்தியவர் பெயர்களும் வரிசையாக. கடந்த ஆண்டுகளின் வரவுசெலவு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்டு மரியாதையாக எழுதிய கடிதமும் அதை அனுப்பிய பதிவுத் தபாற் சீட்டும்.