தேசிங்கு இறங்கிய ஆறு

போன ஞாயித்துக்கிழமை சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் குடும்பத்தோட வந்திருந்தார். காலையில கோட்டை ஏறிட்டு, சாயங்காலம் எங்க நிலத்துப் பக்கம் சங்கராபரணிக் கரைக்கு வந்தோம். நாலு நாள் மழையில ஆத்துல தண்ணி புரண்டு ஓடிக்கிட்டிருந்தது. கரையோரமா நின்னு ரெண்டு பேர் வீச்சுவலை போடுறதைப் பார்த்ததும் நண்பருக்கு ஆசை வந்துடுச்சு. "ஒரு பரிசல் இருந்தா, தண்ணி போற போக்குல மிதந்துக்கிட்டே மீன் பிடிக்கலாமே! எவ்வளவு தண்ணி இருந்தா இறங்கலாம்?"னு கேட்டார்.

"முதல்ல அந்தக் கல்லைப் பாருங்க"ன்னேன். எந்தக் கல்லுன்னு தேடினார். கல் முழுகியிருந்தது. அதுதான் பதில்.

எங்க அப்பா காலத்திலிருந்தே அந்தப் பாறைதான் எங்களுக்கு அளவுகோல். பாறையோட இடுப்பு தெரிஞ்சா மாட்டு வண்டி அக்கரை போகலாம். தலை மட்டும் தெரிஞ்சா நீச்சல் தெரிஞ்ச ஆள் போகலாம். தலையும் முழுகிட்டா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கணும். ஆனா அப்பா கல்லை மட்டும் நம்பினவர் இல்லை. தண்ணியோட நிறத்தைப் பார்ப்பார், சத்தத்தைக் கேட்பார். செம்மண் நிறத்தில் நுரையும் வைக்கோலும் சருகுமா வந்தா மேலே இன்னும் தண்ணி இருக்கு, ஏறப் போகுதுன்னு அர்த்தம். கரையில ஈரக்கோடு ஒரு விரக்கடை மேலே தெரிஞ்சு, தண்ணி கொஞ்சம் தெளிஞ்சா, அது இறங்குற தண்ணி. ஏறுற தண்ணியில முழங்கால் ஆழத்தையும் நம்பாதே என்பார். பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு இதோட கணக்கு தெரியும்: தண்ணியின் வேகம் ரெண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளுகிற விசை நாலு மடங்காகும்.

புதுத் தண்ணியில ஏறிவரும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் ஆசைப்பட்டு பறியையும் ஊத்தாவையும் தூக்கிக்கிட்டு ஓடுறவங்க எல்லா ஊர்லயும் உண்டு. மீனும் ஆபத்தும் ஒரே நேரத்துலதான் வருது, அதுதான் சங்கடம்.

இந்த ஆறு அப்படிப்பட்டது. வருஷத்துல பாதி நாள் மணல்தான். செஞ்சி மலைகளை நேர்ல பார்த்தவங்களுக்குக் காரணம் புரியும். உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிக் குவிச்ச மாதிரி நிக்கும். மண் இருந்தா மழையைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கும், பாறை என்ன செய்யும்? விழுந்தது அத்தனையும் வழிஞ்சு ஓடைக்கு வந்துடும். காலையில ஆடு மேய்ச்ச இடத்துல மத்தியானம் ஆனை முழுகும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லும்போது எனக்குத் தேசிங்கு ஞாபகம்தான் வந்தது.

தேசிங்கு ராஜன் கதை நம்ம பக்கம் பாட்டாகவும் கூத்தாகவும் எல்லோருக்கும் தெரியும். சரித்திரத்தில் அவன் பேர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங் புந்தேலா ராஜபுத்திரர், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக வந்தவர். அவர் இறந்த செய்தி கேட்டு, வடக்கே புந்தேல்கண்டிலிருந்து மகன் செஞ்சிக்கு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டான் என்று சி.எஸ். சீனிவாசாச்சாரி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், கட்ட வேண்டிய கப்பப் பாக்கியைக் கேட்டார். கொடுக்க முடியாதென்று இவன் மறுத்தான். நவாப் படையோடு கிளம்பி வந்தார்.

சண்டை நடந்தது 1714 அக்டோபர் 3ஆம் தேதி. கோட்டை வாசலில் இல்லை, தேவனூர், கடலி பக்கம், ஆத்தங்கரையில். நவாப் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. நடுவில் ஆறு கரைபுரண்டு ஓடியது. 22 வயசுப் பையன் குதிரையைத் தட்டிவிட்டு வெள்ளத்தில் இறங்கிவிட்டான். அவனிடம் இருந்ததே சில நூறு பேர் கொண்ட சின்னப் படை. அதிலும் வெள்ளத்தைத் தாண்டி அவன் பின்னால் கரையேறியது ஒரு பகுதிதான். எதிரே நவாபின் பெரும்படை. அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. கல்யாணக் கோலத்தில் வந்து சேர்ந்தான் என்று பாட்டில் சொல்லப்படும் நண்பன் மகபத்கானும் செத்தான். அவனுக்கும் தேசிங்கின் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி இருக்கிறது. தேசிங்கின் ராணி செஞ்சி செட்டிகுளக் கரையில் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ஆற்காட்டுக்கு எதிரே ராணிப்பேட்டை உண்டானதென்று சொல்வார்கள்.

எல்லோரும் அவன் வீரத்தைத்தான் பேசுகிறார்கள். நான் விவசாயி, எனக்குக் கண்ணில் படுவது அந்த ஆற்று மட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. அவன் செஞ்சியை ஆண்டது ஏறக்குறைய பத்து மாசம். அக்டோபர் தொடக்கத்தில் செத்துப்போனான். அதாவது, இங்கே பொறுப்பெடுத்த பிறகு ஒரு முழு ஐப்பசி கார்த்திகை மழையைக்கூட அவன் பார்க்கவில்லை. இந்த ஆறு எப்படி ஏறும், எத்தனை நேரத்தில் இறங்கும் என்று தெரிய ஒரு மழைக்காலமாவது கரையில் நின்றிருக்கணும். மழை விட்டால் ஒரு ராத்திரியிலயே பாதியாக இறங்குகிற ஆறு இது. குதிரை நீந்தும், குதிரைக்காரன் பிழைத்துக்கொள்வான். காலாள் என்ன செய்வான்? இடுப்பில் இருக்கிற வெடிமருந்து என்னாகும்? நனைஞ்ச மருந்தோடும் பாதிப் படையோடும் கரையேறினால், எதிரி வாள் எடுக்கும் முன்னாலேயே ஆறு அவனைத் தோற்கடித்துவிட்டது என்பதுதான் என் எண்ணம்.

அதோட, அன்னைக்கு வெள்ளம் அவனுக்கு எதிரி இல்லை, அகழி. நவாபும் அதைத் தாண்டித்தான் வரணும். பின்னால் இருந்ததோ, 1690லிருந்து 1698 வரைக்கும் மொகலாயப் படையையே காக்க வைத்த கோட்டை.

அவன் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. சின்னப் படைக்காரன் காத்திருந்தால் பெரிய படைக்காரனுக்குத்தான் இன்னும் ஆள் சேரும். கோட்டைக்குள் எத்தனை நாளைக்குத் தானியம் இருந்ததோ. சும்மா உட்கார்ந்து தோற்பதைவிட எகிறிப் பாய்ந்து பார்க்கலாம் என்று 22 வயசில் தோணத்தான் செய்யும். சிங்கவரம் மலைக்கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டபோது, "இன்னைக்குப் போகாதே" என்று பெருமாள் தலையைத் திருப்பிக்கொண்டாராம். அந்தத் திரும்பிய தலையை இப்பவும் காட்டுவாங்க. ஊர்க்காரன் எவனோ ஒருத்தன் கரையில் நின்னு "இன்னைக்கு வேண்டாம் சாமி" என்று சொல்லியிருப்பான், அதுதான் பெருமாள் பேரில் கதையாச்சோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தேசிங்கைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மறுநாள் விடியும்போது ஆத்தோர மோட்டார் கொட்டகையில் தண்ணி. புது மோட்டார், கடன் வேறு. கயிறு ஒண்ணை இடுப்பில் கட்டிக்கிட்டு இறங்கினேன். முழங்கால் ஆழம்தான். நாலு எட்டு வைக்கும்போதே தொடைக்கு ஏறிடுச்சு, காலுக்கடியில் மணல் அரிச்சுக்கிட்டு ஓடுது. கரையில் நின்ன பெரியப்பா மகன் கயிறை இழுத்ததால இதை எழுதுறேன். மோட்டார் போச்சு. இறங்கும்போது கல்லைத் திரும்பிப் பார்த்தேனா? பார்க்கவே இல்லை.

பரிசலில் போகணும்னா அதுக்கு ஒகேனக்கல்தான் சரியான இடம் என்று நண்பரிடம் சொன்னேன். அங்கே மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் காவிரியை அளக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி வருதென்று பார்த்து, அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திடும். குடும்பத்தோட வந்தவங்க கோவிச்சுக்குவாங்க, பரிசல்காரருக்கு அன்னைக்குக் கூலி போச்சு. ஆனாலும் அந்த எண்ணும் எங்க கல்லும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

எங்க ஆத்துக்கும் கீழே ஒரு அளவு இருக்கு. தொண்டியாறு வந்து சேருமிடத்தில் 1959இல் கட்டிய வீடூர் அணை. முழு மட்டம் 32 அடி. அது நிரம்பி ஷட்டரைத் தூக்கினால் புதுச்சேரி வரைக்கும் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். அணைக்கு மேலே இருக்கிற எங்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. மேற்கே மலை மேல மேகம் கறுக்குதான்னு நாமதான் பார்த்துக்கணும்.

நண்பர் ராத்திரி கிளம்பிப் போயிட்டார். நேத்து போன் பண்ணி, "கல்லு தெரியுதா?"ன்னார். இன்னும் இல்லைங்க. ஈரக்கோடு மட்டும் ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு. மழை இல்லாம இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள தலை தெரியும். வீச்சுவலை ஒண்ணு வீட்ல இருக்கு, பொத்தல் தைச்சு வைக்கிறேன்.