காலநிலை உடன்படிக்கைகளும் சொல்லாட்சியும்

ஒரு சொல்லை வைப்பதா விடுப்பதா என்று விடிய விடிய வாதிட்டோர் புலவர்கள் மட்டுமல்லர். கரிமம் குறைந்த பொருளாதாரத்தை நாடுகள் கூடிச் சமைக்க முனைந்த வரலாற்றில், சுமையை யார் ஏற்பது என்னும் வழக்கு பெரும்பாலும் ஒரு சொல்லின்மீதே தீர்க்கப்பட்டிருக்கிறது.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட காலநிலை உடன்படிக்கை, 'பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள்' என்னும் தொடரைத் தன்னுள் கொண்டிருந்தது. வளிமண்டலம் அனைவர்க்கும் பொது. அதனைக் கரியால் நிரப்பியதில் பங்கு பொதுவன்று என்பது இதன் உட்கிடை. 'ஆயினும்' என்னும் இடைச்சொல்லே இத்தொடரின் உயிர். முன்பாதியைச் செல்வ நாடுகளும் பின்பாதியை வளரும் நாடுகளும் பற்றிக்கொண்டன. 1997 டிசம்பரில் உருவான கியோட்டோ நெறிமுறை, தொழில்வள நாடுகளுக்கு மட்டுமே வெளியேற்றக் குறைப்பைக் கடப்பாடாக்கிற்று. ஆனால் அவ்வாண்டு ஜூலையிலேயே, வளரும் நாடுகளுக்குக் கடப்பாடு விதிக்காத உடன்படிக்கையில் தம் நாடு சேரலாகாது என அமெரிக்க மேலவை 95க்கு 0 என்னும் வாக்கில் தீர்மானித்திருந்தது. நெறிமுறை 2005இல் நடைமுறைக்கு வந்தபோது அமெரிக்கா அதில் இல்லை.

இந்த மேலவையின் நிழலில்தான் 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாடு நடந்தது. டிசம்பர் 12 அன்று இறுதி வரைவு பிரதிநிதிகளின் கைக்கு வந்தபோது, நான்காம் உறுப்பின் நான்காம் பத்தியில் ஒரு துணைவினை அமெரிக்கரைத் திடுக்கிட வைத்தது. வளர்ந்த நாடுகளின் குறைப்பைப் பற்றிய இடத்தில் 'ஷுட்' என்பதற்கு மாறாக 'ஷல்' என்றிருந்தது. முன்னது அறிவுறுத்தல், பின்னது சட்டக் கட்டளை. கட்டளையாயின் மேலவையின் இசைவு வேண்டும், அது கிடைக்கப்போவதில்லை. அவை கூடுவது தாமதமாயிற்று. ஒதுக்கிடங்களில் ஆலோசனைகள் நடந்தன. இறுதியில் செயலகத்தார் எழுத்துப்பிழைகளின் பட்டியலை வாசிப்பதுபோல் வாசித்து, அச்சொல்லையும் அப்பட்டியலோடு மாற்றினர். தலைவர் லோரான் ஃபாபியுஸ் தம் சிறிய பச்சைச் சுத்தியைத் தட்டினார்.

தமிழில் இவ்விரு சொற்களுக்கும் 'வேண்டும்' என்றே எழுதிவிடலாம். 'செய்தல் வேண்டும்' எனச் சட்டமும் விதிக்கும், தாயும் அறிவுறுத்துவாள். நம் மொழி ஒன்றாகக் காணும் இடத்தில் ஓர் உடன்படிக்கையே முறிய இருந்தது. அன்று ஆணையை அறிவுரையாக்கியது தவறென்று எளிதில் தள்ளிவிட இயலாது. வலிய சொல் நின்றிருப்பின் பெரும் நாடொன்று வெளியே நின்றிருக்கும். எனினும் மெலிந்த சொல்லாலும் அதனைக் கட்டிவைக்க முடியவில்லை: 2020 நவம்பரில் விலகி, 2021 பிப்ரவரியில் திரும்பி, 2025 ஜனவரியில் மீண்டும் விலகல் அறிவித்தது அமெரிக்கா.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் இத்தகைய திருத்தத்தைக் கோரியது இந்தியா. கரிமத்தைப் பிடித்துவைக்காத நிலக்கரி மின்னுற்பத்தியைப் படிப்படியாக 'ஒழித்தல்' என்றிருந்ததைக் 'குறைத்தல்' என மாற்றுமாறு, சீனாவின் ஆதரவோடு, இறுதி அவையில் அமைச்சர் பூபேந்தர் யாதவ் வாசித்தார். தலைவர் அலோக் சர்மா அவையோரிடம் மன்னிப்புக் கேட்டுக் குரல் தழுதழுத்து நின்றார். இந்தியாவைக் குற்றவாளியாக்கிப் பலர் எழுதினர். ஏழை நாடுகள் நம்பியிருக்கும் நிலக்கரி பெயர் சுட்டப்பட்டதும், செல்வ நாடுகள் பெரிதும் எரிக்கும் எண்ணெயும் எரிவாயுவும் பெயரின்றித் தப்பியதும் அவர்கள் கண்ணில் படவில்லை. (கரிமம் குறைந்த பொருளாதாரம் என்னும் தொடரைத் தன் 2003ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையின் தலைப்பில் ஏற்றிய பிரிட்டன், நிலக்கரியாலேயே தொழிற்புரட்சி கண்ட நாடு.)

எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் முறை வந்தது 2023 டிசம்பரில், துபாயில். மாநாட்டின் தலைவரே அந்நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் தலைவருமாவார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் புதைபடிவ எரிபொருள்களை 'ஒழித்தல்' என எழுதக் கோரின. அவற்றினின்று 'விலகிச் செல்லுதல்' என்னும் தொடரே கிடைத்தது. டிசம்பர் 13 காலையில் சுத்தி விழுந்தபோது, கடல்மட்ட உயர்வை அஞ்சி வாழும் 39 சிறுதீவு நாடுகளின் கூட்டணியினர் அவைக்குள் வந்து சேர்ந்திருக்கவில்லை. பின்னர்ப் பேச எழுந்த சமோவா நாட்டின் ஆன் ராஸ்முசென் அதனைச் சொன்னார். வேண்டிய திசைமாற்றம் நிகழவில்லை என்றும் சொன்னார். அவை எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. தீர்மானத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.