போறதா, வேண்டாமா: குரங்கணிக்குப் பிறகு

போடிக்கு மேற்கே நிற்கும் மலைச்சரிவு ஒரு காலத்தில் உல்லாசத்துக்கான இடமே இல்லை. மூணாறு தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கியது. தேயிலை வானத்தில் போனது; தோட்டத்து ஆட்கள் காலால் ஏறினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது.

பிழைப்புக்கு ஏறிய அதே மலைக்கு, பிறகு வார இறுதிகளில் நகரத்துப் பிள்ளைகள் ஆசைக்கு ஏற வந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இறந்தவர்கள் 23 பேர்.

அதன் பிறகு எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: “இனி மலையே வேண்டாம்பா.” அந்த பயம் நியாயமானது. ஆனால் கேள்வி அதுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மார்ச்சில் மலைப்புல் சருகாகிக் கிடக்கும். கீழே பற்றிய தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனோ மேட்டில்தான் மெதுவாவான். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்றும் மேல்நோக்கி வீசும். குமுளிக்கு அந்தப் பக்கம், வாகமனில் பாராகிளைடிங் செய்பவர்களைத் தூக்கிவிடுவதும் இப்படி மேலெழும் காற்றுதான். ஒரே காற்று ஒருவனைப் பறக்கவிடும், தீயையும் ஏற்றிவிடும்.

பறப்பவர்களிடம் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. காற்று சரியில்லை என்றால் மலையுச்சிவரை போய்விட்டும் இறக்கையை மடித்துக்கொண்டு நடந்தே இறங்குவார்கள். அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. பறக்கத் தெரிவதில் அதுவும் சேர்த்தி.

மலையேற்றத்தில் அந்தப் பழக்கம் மெதுவாகத்தான் வருகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை முன்பதிவு, வழிகாட்டி என்ற ஒழுங்கோடு திறந்தது. 2025-இல் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடியும் வைத்தது. ‘மூடியிருக்கு’ என்ற பதில் எரிச்சலாத்தான் இருக்கும். லீவு போட்டாச்சு, பஸ் டிக்கெட்டும் எடுத்தாச்சு, நண்பர்கள் காத்திருக்கிறார்கள். ஆபத்து உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்த ‘எடுத்தாச்சு’ வழியாகத்தான்.

எனவே போகலாமா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: திரும்பிவிடலாம் என்று சொல்ல நம் கூட்டத்தில் யாருக்கு உரிமை இருக்கிறது? ஒருவர் சொன்னால் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் இறங்குவோமா? ஆம் என்றால் போய்வாருங்கள். இல்லையென்றால் மலை அங்கேயேதான் இருக்கும்.